பிஸ்தா பச்சைக் குடும்பம்

எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே, சுவரின் நட்டநடுவில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் எதுவும் மாட்டியிருக்காது. நான் சொல்லப்போவதை நம்பாதவர்கள் முதலில் பெருந்துறைக்கு பஸ் ஏறி வந்து அந்த ஆணியைப் பார்த்துவிட்டு அப்புறம் என்னோடு வாதாடலாம். வாதாட எனக்கு எந்நேரமும் சம்மதம்.

ஆணியை அடித்தது அப்பா. முப்பத்திநாலு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி, பிள்ளைகளை உயரவாரியாக நிற்கவைத்து, ஒருவன் சட்டை வெளியே தொங்கினால் மொத்த வரிசையையும் வெயிலில் நிறுத்திய நல்லசிவம் பி.டி. வாத்தியார், ஓய்வு பெற்ற மறுமாதம் புது வீட்டைக் கட்டி முடித்து, பெயின்ட் காய்வதற்கு முன்பே சுவரை அளந்து, நடு கண்டுபிடித்து அடித்த ஆணி அது. அதில் குடும்பப் போட்டோ வரவேண்டும், மூன்றடிக்கு நாலடியில், எல்லாரும் ஒரே கலரில். ஒரே கலர் என்றால் ஏறக்குறைய ஒரே கலர் அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் மயில்கழுத்து நிறத்தில் எடுத்த போட்டோவில் மருமகளின் புடவை மட்டும் ஒரு பிடி நீலம் தூக்கலாக விழுந்திருந்ததை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார், அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மூன்று வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கலர் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. அண்ணி கிருத்திகா வெங்காயத்தோல் கலர் என்று ஒரு படம் போட்டாள். அண்ணன் கோகுல் வந்த எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் போட்டான். அம்மா கும்பிடும் கை போட்டாள். வாக்கெடுப்பில் கும்பிடும் கைக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. நான், மனிதர்கள் என்ன பெட்டிக்கடைத் தோரணமா ஒரே கலரில் தொங்குவதற்கு என்று பதினாலு பத்தி எழுதினேன். கடைசியில் அப்பா பிஸ்தா பச்சை என்று அறிவித்தார். வாக்கெடுப்பு நடத்துவது முடிவெடுப்பதற்கு அல்ல, முடிவை அறிவிப்பதற்கு முன்னால் கூட்டத்தைக் கூட்டிவைப்பதற்கு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

துணி எடுத்துத் தந்தது விசாலாட்சி அத்தை. அப்பாவின் தங்கை. மாமா இறந்து மூன்று வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள், ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் ஒரு கட்பீஸ் கடையில் வேலை. துணி விஷயத்தில் அத்தையை ஏமாற்ற முடியாது. ஒரே மில், ஒரே கலர், ஒரே நம்பர் என்றாலும், சாயம் போட்ட லாட் மாறினால் கலரும் மாறும், போட்டோவில் அது காட்டிக்கொடுத்துவிடும், அதனால் ஒரே ரோலில் இருந்து வெட்டினால்தான் ஒரே கலர் என்று சொல்லி, நாலு கடை ஏறி இறங்கி, பிஸ்தா பச்சையில் ஒரு முழு ரோலைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தாள். அம்மாவுக்கும் அண்ணிக்கும் அதில் புடவை, எனக்குச் சுடிதார், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சட்டை. எல்லாம் வெட்டி முடித்தபின், மில்லின் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கும் முனைத்துண்டு மிஞ்சியது. எந்தக் கடையிலும் அந்த முத்திரை முனையைக் கடைசிவரை வெட்டமாட்டார்கள், அதுதான் துணிக்கு அடையாளம். அதை அப்பா அத்தையிடம் நீட்டி, இதை நீ வைத்துக்கொள் விசாலா, ஜாக்கெட்டுக்கு ஆகும் என்றார். முதுகில் மில் பெயர் எழுதிய ஜாக்கெட்.

அத்தை போட்டோவில் நிற்கப்போவதில்லை என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டேன். புருஷன் இல்லாதவள் மங்கலமான போட்டோவில் நிற்கக்கூடாது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்றார் அப்பா. எப்போது கேட்டீர்கள், எந்த வார்த்தையில் கேட்டீர்கள், அவள் எந்த வார்த்தையில் சொன்னாள் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழமை வாயத் தொறக்காம போட்டோவுல நில்லு. வியாழக்கெழமை கோயமுத்தூருக்கு இன்டர்வியூவுக்குப் போ. எத்தன வருசம் வேணும்னாலும் படி. நான் குறுக்க வரல."

அந்த வியாழக்கிழமைக்காக நான் எட்டு மாதம் காத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம், அதற்கு நேர்முகத்தேர்வு. அப்பா சொன்னதைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன் என்று எழுதினால் பொய். ஒரு நொடி யோசித்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டூடியோவில் அண்ணி, அண்ணன், அப்பா, அம்மா, நான் என்று அப்பா வரிசை போட்டார். போட்டோக்காரர் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க என்றார், நெருங்கினோம். இன்னும் கொஞ்சம் என்றார், நெருங்கினோம். இன்னும் ஒரே ஒரு இஞ்சு என்றார், ஃப்ளாஷ் அடித்தது, எங்கள் ஐந்து பேரின் துணியும் ஒரே துணியாக ஒட்டிக்கொண்டது. அம்மாவின் முந்தானை முடிகிற இடத்தில் என் துப்பட்டா தொடங்கவில்லை. அது முடியவே இல்லை, என்னிடம் வந்து நானாகிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் சட்டைக்கை அண்ணனின் சட்டைக்கையாக இருந்தது. தையல் இருந்த இடத்தில் தையல் இல்லை, பொத்தானும் கொக்கியும் இருந்த இடத்தில் நெய்த துணி மட்டும் இருந்தது, அவிழ்ப்பதற்கு அதில் எந்த இடமும் இல்லை. போட்டோக்காரர் திரையைப் பார்த்து, ஃப்ரேம் நல்லா டைட்டா வந்திருக்குங்க வாத்தியாரே என்றார்.

டைலர் அங்கமுத்துவை வரவழைத்தோம். அவர் பெரிய கத்திரியை எடுத்து அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வைத்து வெட்டினார். தண்ணீரை வெட்டினால் எப்படியோ அப்படித் துணி கத்திரிக்கு வழிவிட்டு, கத்திரி போனதும் மூடிக்கொண்டது. நாலு தடவை வெட்டிப்பார்த்தார். பிறகு துணியைத் தடவி, நல்ல துணிங்க, சாயம் போகாது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

குளியலறை விஷயத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சமாளித்தோம். பழைய வேட்டிகள், ஒரு குடை, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது என்று ஒரு முறை உண்டாயிற்று, அதற்குமேல் சொல்லமாட்டேன்.

அப்பாவுக்கு இதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு விசிலுக்கு இடது கால், இரண்டு விசிலுக்கு நிற்பது, மூன்று விசிலுக்கு உட்காருவது. திங்கட்கிழமை காலையில் எங்கள் ஐந்து பேரையும் காய்கறிக் கடைவரை நடத்திக் கூட்டிப்போய், ஒரு தப்படி பிசகாமல் கூட்டிவந்தார்.

ஊர் என்ன செய்தது என்றால், நகர்ந்து இடம் கொடுத்தது. டீக்கடையில் இரண்டு பெஞ்சை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர், பின்னால் அஞ்சு பேர் சீட்டு இருக்குதுங்க, அது இதுக்குத்தான் வெச்சிருக்காங்க போல என்று எங்களை அங்கே ஏற்றிவிட்டார். கோயிலில் அர்ச்சகர் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே தட்டில் திருநீறு நீட்டினார். கல்யாண வீட்டில் எங்களுக்காக ஐந்து இலையை இடைவெளி இல்லாமல் போட்டார்கள், நான் சாம்பாருக்குக் கையை நீட்டினால் அம்மாவின் தோள் கூடவே எழுந்துவந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எப்படிப் பிரிவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கேட்டது வேறு. மாமியார்கள் வந்தார்கள். திங்கட்கிழமை இரண்டு பேர், செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர், வாசலில் செருப்பு விட இடமில்லை. எங்களைச் சுற்றிவந்து, துணியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தேய்த்துப்பார்த்து, குடும்பம்னா இப்படி இருக்கோணும் என்று பெருமூச்சு விட்டு, பின்னால் நிற்கும் மருமகளை ஒரு பார்வை பார்த்து, கடைசியில் அத்தையிடம் திரும்பி எந்தக் கடைங்க என்று கேட்டார்கள். அந்த லாட்டு முடிஞ்சு போச்சுங்க என்று எல்லாருக்கும் அத்தை ஒரே பதில் சொன்னாள்.

அத்தை மட்டும்தான் வீட்டில் தனியாக நடந்தாள். சாம்பல் கலர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் தோசைக்கல்லோடு போய்வந்துகொண்டிருந்தாள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒவ்வொன்றாகத் தோசை வைத்துக்கொண்டே போய், என்னிடம் வரும்போது இரண்டாக வைப்பாள். அந்த இரண்டாவது தோசையை நான் அம்மாவின் தட்டுக்குத் தள்ளிவிடுவேன்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா நாளைய பயணத்துக்குத் திட்டம் போட்டார். அவர் வாக்கு மாறவில்லை, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். இன்டர்வியூவுக்குப் போ என்று சொன்னார், போகத்தான் போகிறோம், ஐந்து பேரும். பேராசிரியர்கள் முன்னால் எப்படி உட்காருவது என்று மூன்று விசிலில் ஒத்திகை பார்த்தோம். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்; தடுமாறினால் அவர் எடுத்துக்கொள்வார்; கோகுல் இங்கிலீஷைப் பார்த்துக்கொள்வான். எந்த ஊரில் வேலை என்றாலும், எந்த விடுதியில் தங்கினாலும் இனி குடும்பமாகத்தான் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தேன். நான் எழுதப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஐந்து பேர் பெயர் இருப்பதையும் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தை தோசைக்கல்லோடு வந்து என் முன்னால் குனிந்தபோது, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

"அத்தை, உங்கள ஏன் போட்டோவுல நிறுத்தலைன்னு நான் கேட்டேன். பாதியில நிறுத்திட்டேன். வாய மூடிட்டு இருந்தா கோயமுத்தூருக்கு அனுப்பறேன்னு அப்பா சொன்னாரு. நான் மூடிக்கிட்டேன்."

அத்தை தோசையைத் திருப்பிப் பார்த்தாள், கருகவில்லை.

"தெரியும் அம்மிணி. நீ கத்தாம இருந்தப்பவே தெரிஞ்சுது. ஒடம்புக்கு என்னமோன்னு முதல்ல பயந்துட்டேன்." கல்லைக் கீழே வைத்தாள். "இப்ப என்னங்கற? நானும் வந்து ஒட்டிக்கோணுமா?"

அத்தை உள்ளே போனாள், தன் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது, தங்க எழுத்து மின்னும் முனைத்துண்டோடும் கடைக் கத்திரியோடும் வெளியே வந்தாள். துணியை வெட்டவேண்டும் என்றால் முனை கையில் இருக்கவேண்டும், முனையில்லாத ரோலை எந்தக் கத்திரியும் வெட்டாது, இது துணிக்கடையில் ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், முனையை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் டைலரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள். நாலு நாளாக ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்டுவிட்டான்.

"நாலு நாளா எங்கிட்டத் தோசை கேட்டீங்க, தண்ணி கேட்டீங்க, சட்டினி கேட்டீங்க. இத யாரு கேட்டீங்க?"

பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அண்ணா, வெட்டி விடறேன். மறுபடியும் போட்டோ எடுக்கோணும். நான் நடுவுல நிப்பேன். மாம்பழக் கலர்ல."

அப்பா விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை, எடுத்துவிட்டார். நீயே வேண்டாம் என்றதாக நான் நினைத்துக்கொண்டேன் என்றார். நெனச்சுக்கிட்டீங்க என்றாள் அத்தை, அவ்வளவுதான். அப்பா, உயரவாரியாப் பாத்தா நீ ஓரத்துல வரோணும் விசாலா என்று மெல்லச் சொன்னார். நடுவுல என்றாள் அத்தை. சரி என்றார்.

அத்தை முனைத்துண்டை அண்ணியின் தோளோரம் வைத்தாள்; அது ஒட்டிக்கொண்டது; ரோலுக்கு இப்போது தலை வந்துவிட்டது. கத்திரியைத் திறந்தவள், கடையில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற வாய்ப்பழக்கத்தில், உங்களுக்கு என்ன கலர் வேணுங்க என்று கேட்டுவிட்டாள். அண்ணி, கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட உரக்கப் பேசாதவள், தக்காளிச் சிவப்பு என்றாள். கத்திரி வழுக்கிக்கொண்டு போனது. துணி மூடிக்கொள்ளவில்லை. அண்ணி ஓரடி தள்ளி நின்று தன் இரண்டு கைகளையும் ஆட்டிப்பார்த்தாள்.

அண்ணன் எதுவாக இருந்தாலும் சரி என்றான், கத்திரி நகரவில்லை. அப்பாவுக்குப் பிடித்தது என்றான், நகரவில்லை. அரை மணிநேரம் வியர்த்துவிட்டு, ஆறாம் வகுப்பில் அவனுக்கு இருந்த ஒரு மஞ்சள் பனியனைப் பற்றிச் சொன்னான், கத்திரி நகர்ந்தது. அப்பாவின் முறை வந்ததும் அவர் நெஞ்சை நிமிர்த்தி பிஸ்தா பச்சை என்றார், பட்டுப்போல வெட்டுப்பட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது, எங்களை எல்லாம் கட்டிப்போட்ட மனிதர் ஒரே வார்த்தையில் வெளியே போகிறார், இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவருக்கு நெசமாவே அதான் புடிக்கும் அம்மிணி, என்ன பண்றது என்றாள் அத்தை.

அம்மாவும் நானும் மிச்சம். மணி ஏழரை. எட்டு பத்துக்கு கோயமுத்தூர் பஸ். எங்கள் இருவருக்கும் நடுவில் கத்திரியை வைத்து என்னிடம் கேட்டாள். பிஸ்தா பச்சை வேண்டாம் என்றேன். வேண்டாததக் கேக்கல என்றாள். கறுப்பு என்றேன், அப்பா முகம் மாறுவதற்காகவே சொன்னேன், அவர் முகமும் மாறியது, கத்திரி மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ரோஸ், என்றேன். பெண்பிள்ளை என்றால் ரோஸா என்று மேடை போட்டுப் பேசியவள் நான், கல்லூரியில் அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். கத்திரி பாதித் துணிவரை போய், அம்மாவின் பக்கம் வந்ததும் நின்றது.

"நங்கை," என்றாள் அத்தை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உங்களுக்கு என்ன கலர் வேணுங்க?"

அம்மா எங்கள் எல்லாரையும் பார்த்தாள். தெரியல விசாலா என்றாள். வாட்ஸ்அப்பில் போட்ட அந்தக் கும்பிடும் கையைப் போலவே இருந்தது அவள் முகம். பச்சைன்னு சொல்லு தனம், பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார் அப்பா. வெட்டிய இடத்தில் ஓர் அங்குலம் மூடிக்கொண்டது. அம்மா, மெரூன் சொல்லு, உனக்கு மெரூன் நல்லாயிருக்கும் என்றேன் நான். இன்னும் இரண்டு அங்குலம் மூடிக்கொண்டது. எனக்கு அடுத்த கலரும் அதற்கடுத்த கலரும் நாக்கு நுனியில் நின்றன. கடிகாரம் ஏழு நாற்பதைத் தாண்டியது, ஏழு ஐம்பதைத் தாண்டியது. இந்த வீட்டில் நான் முன்பு ஒரு முறை வாயை மூடிக்கொண்டேன், என் காரியத்துக்காக. இந்த முறை காரியம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்க மூடிக்கொண்டேன். எட்டு பத்துக்கு பஸ் மெயின் ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"செப்புக்கொடம்," என்றாள் அம்மா. "புளி போட்டுத் தேச்சது." அத்தை கத்திரியை அழுத்தப்போனாள். "இரு விசாலா. தேச்ச ஒடனே இல்ல. அப்பப் பளபளன்னு இருக்கும், அது எனக்குப் புடிக்காது. ஒரு மணி நேரம் கழிச்சு, காஞ்சு, லேசா மங்கும் பாரு. மறுநாள் போயிரும். அது."

கத்திரி போனது.

அண்ணன் பைக்கை எடுத்தான், விஜயமங்கலம் தாண்டி பஸ்ஸைப் பிடித்தோம், தோளில் பிஸ்தா பச்சை நூல் தொங்க ஓடிப்போய் உட்கார்ந்த என்னிடம் பேராசிரியர்கள் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார்கள், நான் ஒருத்தியே பதில் சொன்னேன், இரண்டு இடத்தில் தப்பாகவும் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது.

ஊருக்குத்தான் எங்கள்மேல் வருத்தம். நல்லா இருந்த குடும்பத்தை வெட்டிவிட்டார்கள் என்று மாமியார்கள் பேசிக்கொள்கிறார்களாம். புதுப் போட்டோ இன்னும் எடுக்கவில்லை. அத்தையின் மாம்பழக் கலர் புடவை இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது, அண்ணியுடையதும் இருக்கிறது, என் ரோஸை நான் ஒளித்துவைத்திருக்கிறேன். அம்மாவின் கலர் மட்டும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அவளும் அத்தையும் ஈரோட்டுக்குப் போய்ச் சந்தை முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டே வருகிறார்கள். கெடச்சுதா என்கிறார் அப்பா, ஆணியைப் பார்த்தபடி. இல்லீங்க என்கிறாள் அம்மா.

போன வாரம் கோயமுத்தூரில் ஒரு கடையில் சரியாக அதே கலரைப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்கு மாதிரி வாங்கிவந்தேன். அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். சிவப்புத் தூக்கல் என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது, வெளியே வந்து பார் என்றேன். வெளியே வந்து பார்த்துவிட்டு, தேய்த்து அரை மணிநேரம்தான் ஆகியிருக்கிறது, இன்னும் அரை மணிநேரம் வேண்டும் என்றாள். துணிக்கு எப்படி அம்மா நேரம் ஆகும் என்றேன். குடத்துக்கு ஆகும்போது துணிக்கு ஏன் ஆகாது என்றாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை, அடுப்பில் பால் பொங்கியது, ஒரு மணி நேரம் வாதாடினோம்.

தோற்றது நான்.